கூழில் வளரும் பாக்டீரியா பி2 வைட்டமின் செய்கிறதா? ஆய்வகத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கேழ்வரகுக் கூழிலிருந்து லாக்டிக் அமில பாக்டீரியாவைப் பிரித்தெடுப்பது, தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் நுண்ணுயிரியல் படிப்பவர்களுக்குப் பழகிப்போன திட்டப்பணி. கிராம் சாயம், கேட்டலேஸ் சோதனை, இனத்தைக் காட்டும் ஒரு 16எஸ் மரபணு வரிசை என்ற அளவோடு அது பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அந்த பாக்டீரியா வைட்டமின் செய்கிறதா, செய்தால் ஏன் ஓர் அளவோடு நிறுத்திக்கொள்கிறது, அந்தத் தடையை நீக்க வழி உண்டா என்று அடுத்த கேள்விகளையும் கேட்க விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். வேலையில் பாதியைக் கல்லூரி ஆய்வகத்தில் உள்ள கருவிகளைக் கொண்டே செய்யலாம். இன்னொரு பகுதிக்குக் கணினியும் இணையமும் போதும். எஞ்சியதற்கு மட்டும் வெளியே மாதிரி அனுப்ப வேண்டியிருக்கும்.

வைட்டமினைத் தேர்ந்தெடுத்தல்

புதிதாகத் தொடங்குவோர் பி12-ஐ நோக்கி ஓடுவதைப் பார்க்கிறேன். அது வேண்டாம் என்பது என் கருத்து. பி12-ஐ உருவாக்க ஏறத்தாழ 30 நொதிப் படிகள் தேவை. போதாக்குறைக்கு, ரியூட்டெரி என்ற லாக்டிக் அமில பாக்டீரியா இனம் செய்வது பெரும்பாலும் மனித உடலுக்குப் பயன்படாத போலி பி12 ஆகும். பாக்டீரியாவின் வளர்ச்சியைக் கொண்டு அளக்கும் பழைய முறைக்கு அசலுக்கும் போலிக்கும் வேறுபாடு சரியாகத் தெரியாது. பி9 எனப்படும் ஃபோலேட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. பிளாண்டாரம் என்ற இன்னோர் இனத்தில் அதற்கான மரபணுக்கள் இருந்தாலும், பாரா அமினோ பென்சாயிக் அமிலத்தை நாம் ஊடகத்தில் சேர்த்தால்தான் அது ஃபோலேட் செய்யும்.

பி2, அதாவது ரைபோஃபிளேவின், முதல் முயற்சிக்கு மிகவும் ஏற்றது. அது மஞ்சளாகக் கண்ணுக்குத் தெரியும். புற ஊதா ஒளியில் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். தெளிந்த மோர்த் தண்ணீரின் லேசான பச்சை மஞ்சள் நிறமே அதனால் வருவதுதான். ஒரு ஜிடிபி மூலக்கூறும் இரண்டு ரைபுலோஸ்-5-பாஸ்பேட் மூலக்கூறுகளும் சேர்ந்து ஒரு ரைபோஃபிளேவின் ஆகின்றன. லாக்டிக் அமில பாக்டீரியாவில் இதற்கான நான்கு மரபணுக்கள் ரிப்-ஜி, ரிப்-பி, ரிப்-ஏ, ரிப்-எச் என்று ஒரே வரிசையில் அடுத்தடுத்து நிற்கின்றன. அந்த வரிசை முழுவதற்கும் முன்னால் ஒரே ஒரு விசை இருக்கிறது. நம் வேலை முழுவதும் அந்த விசையைப் பற்றியதுதான்.

விசையைப் புரிந்துகொள்ளுதல்

வீட்டு மாடித் தொட்டியில் மிதவை வால்வு பொருத்தியிருப்போம். தண்ணீர் ஏற ஏற மிதவையும் ஏறிக் குழாயை அடைத்துவிடும். குழாயை மூட வேறு யாரும் வர வேண்டியதில்லை, ஏறும் தண்ணீரே மூடிவிடுகிறது. பாக்டீரியாவிலும் இதே ஏற்பாடு உள்ளது. ரைபோஃபிளேவின் உருவானவுடன் ஒரு நொதி அதை எஃப்எம்என் என்ற பாஸ்பேட் வடிவமாக மாற்றுகிறது. ரிப் மரபணு வரிசையைப் படியெடுக்கும்போது முதலில் வெளிவருவது புரதமாக மாறாத ஒரு முன்பகுதி. பேசில்லஸ் சப்டிலிஸில் அது ஏறத்தாழ 300 எழுத்து (நியூக்ளியோடைடு) நீளம் கொண்டது. அந்த முன்பகுதி ஆர்என்ஏ ஆறு தண்டுகளாக மடிந்து எஃப்எம்என்-ஐப் பிடிக்கும் பையாக அமைகிறது. பை நிரம்பினால், அடுத்து வரும் எழுத்துகள் முடிவுக் கொண்டையாக மடிந்து, படியெடுக்கும் நொதியான பாலிமரேஸ் அங்கேயே கழன்று விழுகிறது. நான்கு மரபணுக்களும் படியெடுக்கப்படாமல் போகின்றன. பை காலியாக இருந்தால் வேறு விதமாக மடிந்து பாலிமரேஸுக்கு வழி விடுகிறது.

இந்த விசைக்கு ரைபோஸ்விட்ச் என்று பெயர். இப்படி ஒரு பொதுவான வடிவம் பல பாக்டீரியாக்களின் ரிப் மரபணுக்களுக்கு முன்னால் இருப்பதை 1999-இல் வரிசைகளை ஒப்பிட்டுக் கண்டார்கள். இடையில் எந்தப் புரதமும் இல்லாமல் எஃப்எம்என் நேரடியாக ஆர்என்ஏவையே பிடித்து விசையை இயக்குகிறது என்பதை 2002-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பிரேக்கரின் குழுவும், நியூயார்க்கில் எவ்கெனி நுட்லரின் குழுவும் தனித்தனியே காட்டின. இங்கே இரண்டு நுணுக்கங்களைப் புதியவர்கள் மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது, விசை பிடிப்பது ரைபோஃபிளேவினை அன்று, எஃப்எம்என்-ஐ. பிடிப்பின் வலிமையில் பல நூறு மடங்கு வேறுபாடு உண்டு. இரண்டாவது, மடிப்பு எப்படி அமைவது என்பது பாலிமரேஸ் அந்த இடத்தைக் கடப்பதற்குள் முடிவாக வேண்டும். ஆகவே இது நேரத்தோடு போட்டியிடும் முடிவு. பின்னால் கணினியில் மடிப்பைப் பார்க்கும்போது இந்த இரண்டாவது செய்தி தேவைப்படும்.

நம் மாவட்டத்தோடு நேரடித் தொடர்புள்ள செய்தி ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃபுளோரைடு அயனியைப் பிடிக்கும் ரைபோஸ்விட்ச் ஒன்றை 2012-இல் பிரேக்கரின் குழு அறிவித்தது. ஃபுளோரைடு மிகும்போது அதை வெளியேற்றும் மரபணுக்களை அது திறந்துவிடுகிறது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்த ஊர் இது. எனவே ஊடகம் கரைக்க ஆழ்துளைக் கிணற்று நீரை எடுக்கக் கூடாது. காய்ச்சி வடித்த நீரைத்தான் பயன்படுத்த வேண்டும். ஃபுளோரைடு ஒருபுறம் இருக்க, இந்த நீரில் உள்ள உப்புகளே ஊடகத்தின் கணக்கைக் கெடுத்துவிடும்.

முதல் படி: மாதிரி எடுத்தல்

எங்கள் பக்கத்தில் கேவுரு என்றும் ராகி என்றும் சொல்லும் கேழ்வரகின் மாவைக் கரைத்து ஓர் இரவு புளிக்கவைப்பார்கள். மறுநாள் நொய்யரிசியை வேகவிட்டு, புளித்த கரைசலை அதில் ஊற்றிக் கிளறி இறக்குவார்கள். அது இன்னோர் இரவு சட்டியில் இருந்த பிறகுதான் மோரும் உப்பும் வெங்காயமும் சேர்த்துக் குடிக்கும் கூழாகிறது. ஆக, இதில் இரண்டு புளிப்புகள் உள்ளன. நடுவில் அடுப்பு இருக்கிறது. முதல் இரவில் வளர்ந்தவை பெரும்பாலும் கொதியில் மடிந்துவிடும். இரண்டாம் இரவில் வளர்பவை சட்டியின் சுவரிலிருந்தும் கரண்டியிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வருபவை. மோர் ஊற்றிய பின் எடுத்தால் மோரின் பாக்டீரியாவும் சேர்ந்துவிடும். எந்தக் கட்டத்தில் எடுத்த மாதிரி என்று குறிக்காமல் ‘கூழ்’ என்று மட்டும் எழுதிய குறிப்பேடு பிறகு எதற்கும் உதவாது. என்னைக் கேட்டால், அடுப்பில் ஏற்றுவதற்கு முந்தைய புளித்த மாவுக் கரைசலையும், மோர் சேர்ப்பதற்கு முந்தைய கூழையும் தனித்தனியே எடுங்கள். பழைய மண்சட்டி பயன்படுத்தும் வீடாக இருந்தால் இன்னும் நல்லது.

மாதிரியில் 10 கிராமை 90 மில்லி 0.85 விழுக்காட்டு உப்புநீரில் கலந்து, பத்துப் பத்து மடங்காக நீர்த்து, 1 விழுக்காடு கால்சியம் கார்பனேட் சேர்த்த எம்ஆர்எஸ் அகாரில் (லாக்டிக் அமில பாக்டீரியாவுக்கான ஊடகம்) பரப்புங்கள். மெழுகுவத்தி எரித்து மூடிய ஜாடியில் 37 டிகிரியில் 48 மணி நேரம் வைத்தால், அமிலம் சுரக்கும் கூட்டங்களைச் சுற்றி வெண்மை கரைந்து தெளிந்த வளையம் தெரியும். கூழில் ஈஸ்டும் இருக்கும் என்பதால் ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் பாருங்கள். கிராம் நேர், கேட்டலேஸ் எதிர் ஆனவற்றை மட்டும் தூய்மைப்படுத்தி, 20 விழுக்காடு கிளிசராலில் இரண்டு பிரதிகளாக உறைய வையுங்கள். மின்வெட்டு இருக்கும் ஊரில் இரண்டு பிரதிகளும் ஒரே உறைபெட்டியில் இருக்கக் கூடாது.

இரண்டாம் படி: தானே செய்கிறதா, எடுத்துக்கொள்கிறதா

பெரும்பாலோர் இடறுவது இந்தப் படியில்தான், நானும் இடறியிருக்கிறேன். தொடக்க காலத்தில் எம்ஆர்எஸ் திரவத்தில் பதினொரு தனிவகைகளை வளர்த்து, செல்களைச் சுழற்றிப் படியவைத்து, மேலே தெளிந்த திரவத்தைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தேன். பதினொன்றும் ஒளிர்ந்தன. அன்று மாலை வரை என் மகிழ்ச்சிக்கு அளவே இல்லை. ஆய்வகத்தில் இருந்த மூத்தவர் ஒருவர், பாக்டீரியாவே போடாத வெற்று ஊடகத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றார். வைத்தேன்; அதுவும் அதே அளவு ஒளிர்ந்தது. எம்ஆர்எஸ் ஊடகத்தில் ஈஸ்ட் சாறு இருக்கிறது, ஈஸ்ட் சாற்றில் ரைபோஃபிளேவின் இருக்கிறது. நான் வாங்கிய பொடியையே நான் அளந்திருக்கிறேன்.

ஆகவே ரைபோஃபிளேவின் இல்லாத ஊடகம் தேவை. ‘ரைபோஃபிளேவின் அஸ்ஸே மீடியம்’ என்ற பெயரில் பொடியாகவே கடைகளில் கிடைக்கிறது. எம்ஆர்எஸ்-இல் வளர்த்த செல்களை உப்புநீரில் மூன்று முறை கழுவி, 1 விழுக்காட்டு அளவில் இந்த ஊடகத்தில் இட்டு வளர்க்க வேண்டும். வளர்ந்ததிலிருந்து மீண்டும் 1 விழுக்காடு எடுத்துப் புதிய ஊடகத்துக்கு மாற்ற வேண்டும். முதல் மாற்றத்தில் வளர்வதற்கு மதிப்பே இல்லை, ஏனெனில் செல்லுக்குள் சேமித்து வைத்திருந்த வைட்டமினே அதற்குப் போதும். ஒவ்வொரு மாற்றத்திலும் நூறு மடங்கு நீர்ப்பதால், மூன்றாவது மாற்றத்துக்குள் பழைய வைட்டமின் பத்து லட்சத்தில் ஒரு பங்காகிவிடும். அதன் பிறகும் கலங்கலாக வளர்ந்தால் தானே செய்கிறது என்று எழுதலாம். நான் ஐந்தாறு முறை மாற்றிய பிறகே நம்புவேன்.

கூடவே இரண்டு ஒப்பீட்டுக் குழாய்கள் அவசியம். ஒன்றில் வெற்று ஊடகம். மற்றொன்றில் ரைபோஃபிளேவின் செய்யத் தெரியாத வகை; பி2-ஐ அளக்கவே பயன்படும் ரம்னோசஸ் இனத்தின் ஏடிசிசி 7469 வகை அத்தகையது. அது வளர்ந்துவிட்டால் உங்கள் ஊடகத்திலோ கண்ணாடிப் பாத்திரத்திலோ வைட்டமின் ஒட்டியிருக்கிறது என்று பொருள்.

அளவு காண ஒளிர்வுமானி இருந்தால் நல்லது; ரைபோஃபிளேவின் ஏறத்தாழ 450 நானோமீட்டரில் ஒளியை வாங்கி 530-ஐ ஒட்டி வெளியிடுகிறது. எல்லாக் குழாய்களையும் ஒரே பிஎச்-க்குக் கொண்டுவந்த பிறகு அளக்க வேண்டும். அளந்தவுடன் ஒரு சிட்டிகை சோடியம் டைதயோனைட்டைப் போட்டால் ரைபோஃபிளேவின் ஒளிர்வை இழந்துவிடும். அதற்குப் பிறகும் எஞ்சி நிற்கும் ஒளிர்வு மற்றப் பொருள்களுடையது, அதைக் கழித்துவிட வேண்டும். இந்தச் சின்ன வேலையைச் செய்யாத அளவீட்டை நான் ஏற்பதில்லை. உறுதிப்படுத்த, பொருள்களைத் தனித்தனியே பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவி தேவைப்படும். ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு பக்கம், தருமபுரிக்காரர்களுக்கு சேலம் பக்கம். எங்கே அனுப்பினாலும் குழாய்களை அலுமினியத் தாளில் சுற்றிப் பனிப்பெட்டியில் வையுங்கள். ரைபோஃபிளேவினுக்குச் சூடு அவ்வளவு பகை அன்று, வெளிச்சம்தான் பகை. சன்னலோரம் வைத்த மஞ்சள் கரைசல் நம் ஊர் மார்ச் மாத வெயிலில் வெளிறிப்போவதைப் பார்த்தவர்கள் அந்தத் தாளை மறக்க மாட்டார்கள்.

மூன்றாம் படி: கணினியில் விசையைத் தேடுதல்

உங்கள் பாக்டீரியாவைத் தொடும் முன், வரிசை தெரிந்த இரண்டு பாக்டீரியாக்களில் பழகிக்கொள்ளுங்கள். முதலாவது பேசில்லஸ் சப்டிலிஸ் 168. அதன் 42 லட்சம் எழுத்து மரபணுத்தொகை 1997-இல் வெளிவந்தது. என்சிபிஐ மரபணு வரிசைத் தளத்தில் அதன் ரிப் மரபணு வரிசையைத் திறந்து, முதல் மரபணுவின் தொடக்கத்துக்கு முன்னுள்ள 400 எழுத்துகளை எடுத்து, ஆர்என்ஏ குடும்பங்களைத் தொகுத்துள்ள ஆர்ஃபாம் தளத்தின் தேடலில் ஒட்டுங்கள். ஆர்எஃப்00050 என்ற எண்ணோடு எஃப்எம்என் ரைபோஸ்விட்ச் வந்து நிற்கும். செல்லின் வேதிப் பாதைகளைத் தொகுத்துள்ள கெக் தளத்தின் 00740-ஆம் வரைபடத்தில் ரைபோஃபிளேவின் பாதை முழுவதும் இருக்கிறது. எந்த நொதி இருக்கிறது, எது இல்லை என்பதை அங்கே நிறம் காட்டும்.

இரண்டாவது, பிளாண்டாரம் இனத்தின் டபிள்யூசிஎஃப்எஸ்1 வகை. அதில் ரிப்-ஜி முழுவதும் இல்லை, ரிப்-பி பாதிதான் இருக்கிறது. ஆகவே அதற்கு ரைபோஃபிளேவினை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். ஆனால் அதே பிளாண்டாரம் இனத்தின் வேறு வகைகள் முழு வரிசையோடு நன்றாகவே செய்கின்றன. இனப்பெயரைக் கொண்டு வைட்டமினை முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. பெயரைப் பற்றி இன்னொன்று: லாக்டோபேசில்லஸ் என்ற பேரினத்தை 2020-இல் பிரித்து, பிளாண்டாரத்தை லாக்டிபிளாண்டிபேசில்லஸ் என்றும் ரியூட்டெரியை லிமோசிலாக்டோபேசில்லஸ் என்றும் மாற்றிவிட்டார்கள். தேடும்போது பழைய பெயரையும் புதிய பெயரையும் போட்டுப் பாருங்கள்.

அடுத்து ஆர்என்ஏஃபோல்ட் தளத்தில் அந்த முன்பகுதியை மடித்துப் பார்க்கலாம். ஒரு கொண்டையும் அதைத் தொடர்ந்து யூ எழுத்துகளின் சரமும் தெரிந்தால் அது முடிவுக் கொண்டை. ஆனால் அந்த நிரலுக்கு எஃப்எம்என் இருப்பதும் தெரியாது, பாலிமரேஸ் ஓடிக்கொண்டிருப்பதும் தெரியாது. முழு நீளத்தையும் கொடுத்தால் மிகக் குறைந்த ஆற்றலுள்ள ஒரு வடிவத்தை மட்டும் காட்டும். ஆகவே பைப் பகுதியை மட்டும் ஒரு முறையும், முழுவதையும் ஒரு முறையும் மடித்து, இரண்டிலும் எந்த எழுத்துகள் இடம் மாறுகின்றன என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எழுத்துகளில்தான் பின்னால் திரிபுகளைத் தேடப் போகிறோம்.

பழகிய பின் உங்கள் வகைக்கு வாருங்கள். 16எஸ் வரிசையைக் கொண்டு நெருங்கிய இனத்தைக் கண்டு, அந்த இனத்தின் முழு ரிப் வரிசை ஒன்றை மாதிரியாக வைத்து, நான்கு மரபணுக்களுக்கும் பிசிஆர் முனைகளை (பிரைமர்) வடிவமையுங்கள். விசைக்கென்று தனியாக ஒரு சோடி வேண்டும். ஒன்று ரிப்-ஜியின் தொடக்கத்துக்கு 400 எழுத்து முன்னால், மற்றொன்று ரிப்-ஜிக்குள் 100 எழுத்து தள்ளி.

நான்காம் படி: விசை உடைந்தவற்றைத் தேர்ந்தெடுத்தல்

ரோசியோஃபிளேவின் என்பது ரைபோஃபிளேவினைப் போலவே வடிவம் கொண்ட ஆழ்சிவப்புப் பொருள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் டவாவென்சிஸ் என்ற மண் பாக்டீரியா அதைச் செய்கிறது. வைட்டமினை உள்ளே இழுக்கும் ரிப்-யூ வாயில் வழியாகவே அதுவும் செல்லுக்குள் நுழைந்து, எஃப்எம்என்-இன் போலியாக மாறி, விசையில் அமர்ந்து தொழிற்சாலையை மூடிவிடுகிறது. நொதிகளிலும் போய் அமர்ந்து அவற்றையும் கெடுக்கிறது. இந்தத் தாக்குதலில் பிழைப்பது யார் என்று பார்த்தால், விசை பழுதாகி மூடவே முடியாமல் போய் ரைபோஃபிளேவினைக் கொட்டிக் குவிக்கும் சில செல்கள்தான். லாக்டோகாக்கஸ் லாக்டிஸில் 2004-இல் இப்படிப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். பின்னர் பிளாண்டாரம் உள்ளிட்ட பிறவற்றிலும் இது செய்யப்பட்டது. இந்த முறையில் வெளி மரபணு எதையும் நாம் நுழைப்பதில்லை, தானாக நேர்ந்த எழுத்துப் பிழையை மட்டும் பொறுக்கி எடுக்கிறோம்.

பொருளின் விலை அதிகம் என்பதால் சிறிய தட்டுகளையே பயன்படுத்துங்கள். ரைபோஃபிளேவின் இல்லாத ஊடகத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். எம்ஆர்எஸ்-இல் செய்தால் அதிலுள்ள வைட்டமினே நஞ்சை முறித்துவிடும். லிட்டருக்கு 10 மில்லிகிராமில் தொடங்கி 50, 100, 200 என்று ஏற்றுங்கள். செறிந்த செல்களைப் பரப்பிய தட்டில் மூன்று நான்கு நாள்களில் சிவந்த பின்னணியில் ஒன்றிரண்டு கூட்டங்கள் எழும். அவற்றில் மஞ்சள் சாயல் கண்டால் மகிழலாம், ஆனால் உடனே முடிவு கட்டக் கூடாது. ரிப்-யூ வாயில் பழுதானவையும் நஞ்சு நுழையாமல் பிழைத்துக்கொள்ளும். அவை வைட்டமினைக் கூடுதலாகச் செய்வதில்லை. ஒவ்வொரு கூட்டத்தையும் இரண்டாம் படியில் சொன்னபடி மறுபடி அளந்தே ஆக வேண்டும்.

கூடுதலாகச் செய்பவற்றின் விசைப் பகுதியை வரிசைப்படுத்தித் தாய் வகையோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறியிருக்கலாம், சில எழுத்துகள் விடுபட்டிருக்கலாம். நீங்கள் தாளில் குறித்துவைத்த இடங்களில் அது விழுந்திருந்தால் விளக்கம் கிட்டத்தட்டக் கையில் கிடைத்துவிட்டது. அதற்குச் சான்று வேண்டுமென்றால் ஆர்என்ஏ அளவைப் பார்க்க வேண்டும். தாய் வகைக்கு ஊடகத்தில் ரைபோஃபிளேவின் சேர்த்தால் ரிப்-ஏயின் ஆர்என்ஏ நகல்கள் குறையும். விசை உடைந்த வகையில் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் ஒரே அளவில் இருக்கும். இந்த நான்கு குழாய்ச் சோதனை இல்லாமல் ‘ஒழுங்குமுறை மாறிவிட்டது’ என்று எழுதுவது ஊகம் மட்டுமே. கிராம் நேர் செல்லின் சுவர் தடிமனானது. லைசோசைமில் ஊறவைக்காமல் ஆர்என்ஏ எடுக்கப் புகுந்தால் பெரும்பாலும் வெறுங்கைதான்.

ஐந்தாம் படி: மறுபடி சட்டிக்கு

தேர்ந்தெடுத்த வகையை ரோசியோஃபிளேவின் இல்லாத ஊடகத்தில் பல தலைமுறை வளர்த்து, பிழை திரும்பிச் சரியாகிவிடவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மனிதர் உண்ணும் பொருளில் சேர்ப்பது பிந்தைய கட்டம். அதற்கு நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்பு முதலான சோதனைகள் வேண்டும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011-இல் வெளியிட்ட புரோபயாட்டிக் நெறிமுறைகளையும் படிக்க வேண்டும். அதுவரை சட்டி ஆய்வகத்துக்குள்ளேயே இருக்கட்டும். ருசி பார்க்கும் ஆசை யாருக்கும் வரக் கூடாது.

ஒரே மாவிலிருந்து நான்கு சட்டிகள் வையுங்கள். ஒன்றில் புதிய வகை, ஒன்றில் தாய் வகை, ஒன்றில் எதுவும் சேர்க்காமல் இயல்பாகப் புளிக்கும் மாவு, இன்னொன்றில் கரைத்தவுடன் குளிர்பெட்டியில் வைத்த புளிக்காத மாவு. கேழ்வரகிலேயே கொஞ்சம் ரைபோஃபிளேவின் இருப்பதால் நான்காவது சட்டி இல்லாமல் மற்ற மூன்றின் எண்களுக்குப் பொருள் இல்லை. காலையில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பங்கைப் பச்சையாகவும், ஒரு பங்கை நொய்யோடு வேகவைத்தும் அளந்து பாருங்கள். கொதியில் பாக்டீரியா மடிந்தாலும் அது செய்து வைத்த பி2-இல் பெரும்பகுதி தங்க வேண்டும்; நம் வீட்டுக் கூழ் முறைக்கு இந்த வைட்டமின் பொருந்துவது அதனால்தான். மாவில் சேர்த்த தண்ணீரின் அளவு சட்டிக்குச் சட்டி மாறும் என்பதால் எண்களை உலர் எடைக்கு மாற்றி எழுதுங்கள். சட்டிகளின் மேல் தட்டோ துணியோ மூடி, வெளிச்சம் படாத மூலையில் வையுங்கள். வெள்ளைத் துணியாக இருந்தால் இரண்டாக மடித்துப் போடுங்கள்.